செங்கல் வைப்பதற்கு முன்

நகராட்சி அலுவலகத்தில் நகரமைப்பு ஆய்வாளரைத் தேடி வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வீடு கட்ட அனுமதி கேட்டு வருகிறவர்கள் ஒரு வகை. பக்கத்தில் எழுந்துவிட்ட கட்டடத்தால் அவதிப்பட்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் இன்ஜினியரோடு வருவார்கள், இரண்டாம் வகையினர் கவுன்சிலரோடு வருவார்கள். தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் சில நகராட்சிகளில் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்ற நான், இந்த இரண்டாம் வகையினருக்காகவே இதை எழுதுகிறேன். ஒரு தெருவின் குறை எப்படி மனுவாகிறது, மனு எங்கே நின்றுபோகிறது, எப்போது வேலையாகிறது என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் சொன்னால் அவர்களுக்குப் பயன்படும்.

எங்களை டிபிஐ என்று சுருக்கிச் சொல்வார்கள். கட்டட அனுமதிக்கு வரும் வரைபடங்களைச் சரிபார்ப்பது, இடத்துக்குப் போய் அளப்பது, மீறிக் கட்டியவர்களுக்கு நோட்டீஸ் கொடுப்பது, மனைப்பிரிவுகளில் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்ட நிலத்தை நகராட்சி பெயருக்கு வாங்குவது, ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் டேப்பும் ஸ்கெட்சுமாக ஜேசிபிக்கு முன்னால் நிற்பது எல்லாம் எங்கள் வேலை. ஊரில் யாருக்கும் பிரியமான வேலை அல்ல. ஆனால் ஒரு ஊர் இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

கவுன்சிலர்கள் கொண்டுவரும் மனுக்களைக் குவித்துவைத்துப் பார்த்தால் மூன்று கட்டாகப் பிரியும். தெருவில் வண்டி நிறுத்தும் தொல்லை ஒன்று. பூங்கா என்று விட்ட இடம் முள்ளும் குப்பையுமாகக் கிடக்கிறது என்பது இரண்டு. குடியிருப்புப் பகுதிக்குள் மண்டபமோ பட்டறையோ குடோனோ வரப்போகிறது என்பது மூன்று. முதலாவது போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கும், இரண்டாவது சுகாதாரப் பிரிவுக்கும், மூன்றாவது எங்கள் பிரிவுக்கும் போகும். மூன்று மேசை, மூன்று கோப்பு. எனக்கு இந்த வேலை கற்றுத் தந்தது ஒன்றுதான்: இந்த மூன்றும் ஒரே குறை. வரைபடத்தில் ஊருக்கு எழுதிக்கொடுத்த ஓர் இடம் தரையில் இல்லாமல் போயிருக்கிறது. அது வண்டி நிற்க விட்ட இடமாக இருக்கலாம், குழந்தைகள் விளையாட விட்ட இடமாக இருக்கலாம், சாலைக்கு விட்ட அகலமாக இருக்கலாம்.

வண்டி நிறுத்தும் தொல்லையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு நகராட்சியில் மருத்துவமனை ஒன்று இருக்கும் தெருவிலிருந்து ஆட்கள் கவுன்சிலரோடு வந்தார்கள். "காலைல ஸ்கூல் வேன் உள்ளயே வர முடியறதில்லீங்க சார். எங்க மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆம்புலன்ஸ் தெருமுக்குலயே நின்னுருச்சுங்க. ஆஸ்பத்திரி இருக்கற தெருவுலயே இந்தக் கதிங்க" என்றார் ஒரு பெண். 'நோ பார்க்கிங்' பலகை வைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

தெருவின் அகலம் இருபது அடி. ஒரு கார் ஏறத்தாழ ஆறடி அகலம். இருபுறமும் நின்றால் நடுவில் எட்டடிகூட மிஞ்சாது. தீயணைப்பு வண்டி நுழையாது. பலகை வைத்தால் என்ன ஆகும்? இந்தத் தெருவில் நிற்கும் கார்கள் அடுத்த தெருவில் நிற்கும். அடுத்த மாதம் அந்தத் தெருக்காரர்கள் அவர்கள் கவுன்சிலரோடு வருவார்கள்.

பலகையைப் பற்றிப் பேசும் முன் மருத்துவமனைக்கு அனுமதி தந்த வரைபடத்தைப் பதிவறையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தேன். தரைத்தளம் முழுக்கத் தூண்கள், தூண்களுக்கு இடையே கட்டம் கட்டமாக வண்டி நிறுத்தும் இடம். நம் கட்டட விதிப்படி ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் வேண்டும், அதாவது சுமார் 135 சதுர அடி. சின்னக் குடும்பம் படுத்து எழும் ஓர் அறையின் அளவு அது. வரைபடத்தில் அப்படி வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. நேரில் போய்ப் பார்த்தால் அந்தக் கட்டங்களின் மேல் மருந்துக்கடையும் ஸ்கேன் அறையும் நின்றன. தெருவில் நிற்கும் ஒவ்வொரு காருக்கும் அந்தக் கட்டடத்துக்குள் ஓர் இடம் காகிதத்தில் இருந்தது.

அந்தப் பெண் வரைபடத்தின் மேல் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர்கள் எழுதிய மனு வேறு மாதிரி இருந்தது. பலகை கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தில் காட்டிய வண்டி நிறுத்துமிடத்தை மீட்டுத் தர வேண்டும் என்று கேட்டது. முதல் மனுவுக்கு நாங்கள் 'நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் எழுதி முடித்திருக்கலாம். இரண்டாவது மனுவை அப்படி முடிக்க முடியாது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56ஆம் பிரிவு, அனுமதிக்கு மாறாகக் கட்டியதையும் பயன்படுத்துவதையும் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரத்தைத் தருகிறது. கவுன்சிலர் அதை மன்றக் கூட்டத்தில் கேள்வியாக எழுப்பினார். நோட்டீஸ் போனது, பதில் வந்தது, காலக்கெடு கேட்டார்கள், மறுபடியும் கேட்டார்கள். கடைசியில் மருந்துக்கடை வேறு பக்கம் போனது. பாதிக் கட்டங்கள் திறந்தன. தெரு முழுதாக விடுபடவில்லை, ஆனால் வேன் உள்ளே வந்தது.

பலகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைவீதியில் பலகை வேண்டும், ஒருபுறம் மட்டும் நிறுத்தும் முறை வேண்டும், கட்டணம் வசூலிக்கும் இடமும் வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவுப்படி வண்டி நிறுத்தும் இடங்களை அரசோ, அரசு அதிகாரம் தந்த அதிகாரியோ அந்தப் பகுதி உள்ளாட்சியைக் கலந்து நிர்ணயிக்கலாம். உள்ளாட்சியைக் கலந்து என்ற அந்தச் சொற்கள்தான் கவுன்சிலருக்கு உள்ள கதவு. தீர்மானம் ஒன்று மன்றத்தில் நிறைவேறி, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போனால் காவல் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் ஒரே மேசையில் பதில் சொல்ல வேண்டிவரும். ஏனென்றால் ஊருக்குள் ஓடும் எல்லாச் சாலையும் நகராட்சிச் சாலை அல்ல. கடைவீதியின் பெரிய சாலை பல ஊர்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. சாலை யாருடையது என்று தெரியாமல் எழுதிய மனு இரண்டு அலுவலகங்களுக்கு இடையே போய்வந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது நிலம். 1980களில் போட்ட மனைப்பிரிவுகள் எல்லா ஊரிலும் உண்டு. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி பெற்றது, அதாவது டிடிசிபி அப்ரூவல் என்று சொல்லி விற்றவை. நடுவில் ஒரு பெரிய கட்டத்தைப் 'பார்க்' என்று எழுதியிருப்பார்கள். மனை வாங்கியவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்து, நாளைக்கு நம் பிள்ளைகள் விளையாடும் இடம் என்று கூடுதல் விலை கொடுத்திருப்பார்கள். வீடுகள் எழும்ப எழும்ப அந்த இடத்தில் சீமைக்கருவேலம் எழும்பும். வீடு கட்டியவர்கள் உடைந்த செங்கலையும் காரைக் கழிவையும் அங்கேயே கொட்டுவார்கள். பிறகு யாரோ மாடு கட்டுவார்கள், கீற்றுக் கொட்டகை போடுவார்கள், கொட்டகை கூரை ஷீட்டாகும், ஷீட்டுக்கு அடியில் சுவர் வரும். நான் பார்த்த ஆக்கிரமிப்புகளில் பெரும்பாலானவை இந்த வரிசையில்தான் வளர்ந்தன. யாரும் ஒரே இரவில் ஊர் நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை. யாரும் கவனிக்காத நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படி ஓர் இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி ஒரு வார்டிலிருந்து வருடா வருடம் மனு வரும். வருடா வருடம் ஜேசிபி போகும், முள் வெட்டும், அடுத்த மழைக்கு மறுபடியும் முளைக்கும். 2022இல் புதிதாகத் தேர்வான கவுன்சிலர் ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த ஒருவரின் மகள். அவர் சுத்தம் செய்யச் சொல்லவில்லை. "சார், இந்த எடம் நம்ம நகராட்சி பேர்ல இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இத்தனை மனுக்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. கோப்பைத் தேடினோம். மனைப்பிரிவு அனுமதி கிடைத்தது, சாலைகளையும் பூங்காவையும் நகராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்த பத்திரமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைத்தது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் மட்டும் பட்டா, நிலத்தைப் பிரித்து விற்றவரின் பெயரிலேயே இருந்தது. அவர் காலமாகிவிட்டார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோது வாரிசுகள் அந்த இடத்துக்கு ஒப்பந்தம் போடத் தொடங்கியிருந்தது தெரிந்தது. இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் ஊர் தன் சொந்த நிலத்துக்கு வழக்கு நடத்த வேண்டியிருக்கும். பட்டா மாறியது, அளந்து கல் நட்டோம், கம்பிவேலி போட்டோம், நகராட்சிக்குச் சொந்தமான இடம் என்று சர்வே எண்ணோடு பலகை வைத்தோம். குடியிருப்போர் நலச் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேம்பும் புங்கனும் நட்டார்கள்.

இப்படிப்பட்ட இடங்கள் கைமாறிப்போவது மேற்கு மாவட்டங்களில் மட்டும் நடக்கும் கதை அல்ல. பெங்களூர் சதாசிவநகர் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அங்கே குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் குடியிருப்போர் பக்கம் தீர்ப்பளித்தது. பூங்காவாக ஒதுக்கிய இடத்தில் அந்தப் பகுதி மக்களுக்கு உரிமை உண்டு, அதைக் காக்க வழக்கு போடவும் அவர்களுக்குத் தகுதி உண்டு என்பது அதிலிருந்து நிலைத்த நெறி. தமிழ்நாட்டிலேயே 1959இல் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாமல் நம் பூங்காக்கள் போகவில்லை. பத்திரமும் பட்டாவும் யாராலும் தேடப்படாமல் கிடந்ததால் போயின.

அதனால் நிலத்தைப் பராமரிப்பதை அழகு சார்ந்த விஷயமாக நினைக்கக் கூடாது என்று கவுன்சிலர்களிடம் சொல்வேன். வேலியும் விளக்கும் மரமும் உள்ள இடத்தின் பக்கம் ஆக்கிரமிக்க நினைப்பவர் வரமாட்டார். அங்கே ஊர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது, திட்டமிடல். இதில்தான் மக்கள் மிகவும் தாமதமாக வருகிறார்கள். கல்யாண மண்டபத்தின் மேல்தளக் கான்கிரீட் போட்ட பிறகு வருவார்கள். "குடியிருக்கற எடத்துல மண்டபம் எப்படிங்க விட்டீங்க?" என்ற கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு காகிதம் இருந்திருக்கும். குடியிருப்பு என்று வகைப்படுத்திய நிலத்தை வணிகத்துக்கோ தொழிலுக்கோ மாற்ற வேண்டுமானால், ஆட்சேபணை இருந்தால் குறித்த நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும். சின்ன எழுத்தில், உள்பக்கத்தில், சர்வே எண்களோடு வரும். தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தின் சர்வே எண் யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. நாட்கள் முடிந்துவிடும். ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று கோப்பில் எழுதுவோம். அது உண்மையும்கூட.

ஒரு வார்டில் அறிவிப்பை வெட்டி டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டும் பழக்கத்தைக் கவுன்சிலர் ஒருவர் ஏற்படுத்தினார். நிலத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் 'பழைய கிணத்துத் தோட்டம்' என்று ஊர்ப்பேரையும் எழுதிவைப்பார். அந்த ஒரு வரியால் மக்கள் நின்று படித்தார்கள். குடோன் கேட்டு வந்த விண்ணப்பம் ஒன்றுக்கு அங்கிருந்து வந்த ஆட்சேபணைகளை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். 'எங்களுக்கு வேண்டாம்' என்று ஒருவரும் எழுதவில்லை. அணுகுசாலையின் அகலம் இவ்வளவு, லாரி திரும்ப இடமில்லை, பள்ளிக்கூட வாசல் இவ்வளவு தூரத்தில், மழைநீர் இந்த நிலத்தின் வழியாகத்தான் ஓடைக்குப் போகிறது என்று எழுதியிருந்தார்கள். ஓடையின் பாதையை ஸ்கெட்ச் போட்டும் இணைத்திருந்தார்கள். எங்கள் கோப்பில் இல்லாத தகவல் அது. அளவையாளரின் கண்ணுக்குக் கோடை நாளில் தெரியாத நீர்ப்பாதையை மழைக்காலத்தில் அங்கே வாழ்கிறவர்கள் பார்த்திருந்தார்கள். விண்ணப்பம் அந்த வடிவில் நகரவில்லை.

2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறை வந்திருக்கிறது. நடுத்தரக் குடும்பத்தின் அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் அதிகாரியின் முன்பார்வை குறையும் இடத்தில் அக்கம்பக்கத்தாரின் பார்வை கூடவேண்டும். கட்டுமானம் நடக்கும் இடத்தில் அனுமதி எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. அஸ்திவாரத்தில் திருத்திவிடலாம், மொட்டைமாடியில் திருத்த முடியாது.

இவை எல்லாவற்றிலும் கவுன்சிலருக்கு என்ன அதிகாரம் என்று கேட்பார்கள். கட்டட வரைபடத்தில் அவர் கையெழுத்து இல்லை. நோட்டீஸ் கொடுப்பதும் அவர் அல்ல. 1992இல் வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 12ஆவது அட்டவணையில் 18 பொருள்களை அடுக்கி, நகரத் திட்டமிடலை முதலாவதாக வைத்தது. நடைமுறையில் திட்டமிடலின் பெரும்பகுதி இன்னும் மாநிலத் துறைகளிடம்தான் இருக்கிறது. இது மாறவேண்டும் என்று நினைக்கிறவன் நான். தெருவைத் தெரிந்தவர்களுக்கு அதன் எதிர்காலத்தில் சொல் இருக்கவேண்டும்.

கையெழுத்து இல்லாவிட்டாலும் கவுன்சிலர் எவ்வளவு தேவை என்பது அவர்கள் இல்லாத காலத்தில் எனக்குத் தெளிவானது. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. இடையில் ஐந்து வருடங்களுக்கு மேல் தனி அலுவலர்களே மன்றத்தின் இடத்தில் இருந்தார்கள். அலுவலகம் நடந்தது, வரி வசூலானது, தீர்மானங்களும் பதிவாயின. ஆனால் என் மேசைக்கு வந்த மனுக்களைத் தொடர்ந்து வந்து கேட்பதற்கு ஆள் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒருமுறை வருவார், இரண்டாம் முறை வரமாட்டார். கவுன்சிலர் வருவார். மன்றக் கூட்டத்தில் ஆணையர் முன்னால், ஊர்ப் பத்திரிகையாளர் முன்னால் கேட்பார். கேள்வியும் பதிலும் பதிவேட்டில் ஏறும். ஏறிய பதிலை எந்த அலுவலரும் அவ்வளவு எளிதில் மீற முடியாது.

எல்லாக் கவுன்சிலரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நோட்டீஸை நிறுத்திவைக்கச் சொல்லித் தொலைபேசியில் பேசியவர்களும் உண்டு. அந்த அழுத்தத்துக்கு முன்னால் ஓர் ஆய்வாளரைக் காப்பது தெருக்காரர்களின் எழுத்துமூலமான மனுவும் அதன் பதிவு எண்ணும்தான். வாய்ச்சொல்லாக வந்த குறையை வாய்ச்சொல்லாலேயே அமுக்கிவிட முடியும். பதிவு எண் பெற்ற மனுவை அமுக்குவது கடினம்.

2022 தேர்தலில் இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. முதல் சில மாதங்களில் கணவரோ அண்ணனோ வந்து பேசிவிட்டுப் போவார்கள். பிறகு அந்தப் பெண்கள் தாங்களே வரத் தொடங்கினார்கள். தண்ணீர்க் குழாயடியிலும் பள்ளி வாசலிலும் நிற்பவர்களுக்குத் தெருவின் அளவு மனப்பாடம். வரைபடம் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் மிக வேகமாகக் கற்றார்கள். அதே வருடம் நவம்பர் 1ஆம் தேதி நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதல்முறையாக நடந்தன. கிராம சபை போல நகரத்திலும் வார்டு மக்கள் கூடிக் கேட்கும் மேடை அது. பல இடங்களில் அந்தக் கூட்டம் குடிதண்ணீரும் சாக்கடையும் தெருவிளக்கும் பேசி முடிந்துவிடுகிறது. அவை அவசியமானவை. ஆனால் நிலத்தைப் பற்றி அங்கே பேசாவிட்டால் வேறெங்கும் பேச முடியாது.

அந்த மேடைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் மனைப்பிரிவின் அனுமதி வரைபட நகலை வாங்கிவையுங்கள். நகராட்சியில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். அதில் பூங்கா, சாலை, பொதுப் பயன்பாடு என்று எழுதிய ஒவ்வொரு கட்டத்துக்கும் தானப் பத்திரம் இருக்கிறதா, பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். தெருவில் வண்டி நிறைந்தால், எந்தக் கட்டடத்துக்கு வருகிறவர்களின் வண்டி என்று பார்த்து அந்தக் கட்டடத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். மனுவில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள், சர்வே எண்ணோடும் புகைப்படத்தோடும் எழுதுங்கள். பதிவு எண்ணைக் கவுன்சிலரிடம் கொடுத்து, மன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். கேட்டாரா என்று அடுத்த கூட்டத்தில் அவரிடம் கேளுங்கள்.

கவுன்சிலர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வார்டில் பூங்காவுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கிய எல்லா இடங்களின், அதாவது ரிசர்வ் சைட்டுகளின் பட்டியலையும் நகரமைப்புப் பிரிவிலிருந்து பதவியேற்ற முதல் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். ஒவ்வோர் இடத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். சாலை போட்டதும் விளக்குப் போட்டதும் ஐந்து வருடத்தில் தேய்ந்துவிடும், அடுத்து வருகிறவர் மறுபடி போட்டுவிடலாம். போன நிலத்தை அடுத்து வருகிறவரால் வாங்க முடியாது. உங்கள் பதவிக்காலத்தில் ஒரு சென்ட் ஊர் நிலமும் போகவில்லை என்று சொல்ல முடிந்தால், அதைவிடப் பெரிய சாதனையை எந்தக் கல்வெட்டிலும் பொறிக்க வேண்டியதில்லை.